பால்மைரா பவளத்தீவு: கூப்பர் தீவை அரசு வாங்க வேண்டுமா?

கடல்வரைபடம்:
பசிபிக் கடலில், ஹவாயின் ஹொனலூலுவுக்குத் தெற்கே ஏறத்தாழ 1,600 கி.மீ. தொலைவில் கிடக்கிறது அமெரிக்காவின் பால்மைரா. நிரந்தரக் குடிமக்கள் கிடையாது. ஆனால் பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. பெரிய தீவான கூப்பர், நேச்சர் கன்சர்வன்சி என்ற தனியார் அமைப்பின் சொத்து. மற்ற திட்டுகளில் பெரும்பாலானவையும், கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள நீரும் 2001-ல் தேசிய வனவிலங்குச் சரணாலயம் ஆயின. அதைப் பார்ப்பது அமெரிக்க அரசின் மீன், வனவிலங்குச் சேவை. 50 கடல் மைல் வரை 2009-ல் அறிவித்த கடல்சார் நினைவுச்சின்னம், அதாவது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி; 12-க்கு வெளியே மீன்பிடி விவகாரம் அமெரிக்கக் கடல், வளிமண்டல முகமையான நோவாவிடம். குடிமை நிர்வாகம் நிலம், இயற்கை வளங்களைக் கவனிக்கும் அமெரிக்க உள்துறையிடம்.

விமான ஓடுதளமும் ஆய்வு நிலையமும் கூப்பரில்தான் இருக்கின்றன. சரணாலய அதிகாரி தன் எல்லைக்குப் போகவே அடுத்தவர் நிலத்தில் இறங்க வேண்டும். கூப்பரை அரசு வாங்கி, எல்லாவற்றையும் ஒரே துறையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது என் வாதம்.

ஆழிக்காகம்:
எதிர்க்கிறேன். இங்கே தனியார் உரிமை நேற்று முளைத்ததல்ல. 1862-ல் ஹவாய் முடியரசு உரிமை கோரியது. 1898-ல் ஹவாயோடு சேர்ந்து அமெரிக்காவுக்குப் போனது. 1959-ல் ஹவாய் மாநிலமானபோது சட்டமே பால்மைராவை வெளியே நிறுத்தியது. நிலம் தன்னுடையது என்று அமெரிக்க அரசு வழக்காடி, 1947-ல் உச்ச நீதிமன்றத்தில் ஃபுல்லார்ட்-லியோ குடும்பத்திடம் தோற்றது. 2000-ல் கன்சர்வன்சி அந்தக் குடும்பத்திடமிருந்து வாங்கிப் பெரும்பகுதியை அரசுக்குக் கைமாற்றியதால்தான் சரணாலயமே பிறந்தது.

ஆண்டு முழுக்க ஆள், எரிபொருள், ஜெனரேட்டர், ஓடுதளப் பராமரிப்பு இவற்றுக்கெல்லாம் காசு வேண்டும். அரசின் நிதி ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். அது சுருங்கும் வருடத்தில் நிலையம் மூடப்பட்டால், அத்துமீறி வரும் படகைப் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

கடல்வரைபடம்:
பிளவுபட்ட பொறுப்பு எவ்வளவு ஆபத்து என்பதற்கு எலி ஒழிப்பைப் பாருங்கள். 2001-02-ல் நஞ்சு கலந்த இரைப் பெட்டிகள் வைத்துச் செய்த முயற்சி தோற்றது. நில நண்டுகள் இரையைத் தின்றுவிட்டன. எலிகளில் சிலவோ தென்னை உச்சியிலேயே வாழ்ந்து தரைக்கு வரவில்லை. 2011-ல் முறையை மாற்றினார்கள். பிரோடிஃபாகம் என்ற எலி நஞ்சு கலந்த இரையை ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள், கையாலும் போட்டார்கள், தென்னங்கொண்டைக்கும் தனியாகச் சேர்த்தார்கள். நண்டுகளின் பங்கையும் கணக்கிட்டு, ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 80 கிலோவை ஒட்டிய அளவு. மற்ற தீவுகளில் போடுவதைவிடப் பல மடங்கு. ஒரு திட்டின் உரிமையாளர் “என் நிலத்தில் வேண்டாம்” என்று சொல்லியிருந்தால்? அங்கே மிஞ்சும் ஒரு ஜோடி போதும், அத்தனையும் வீண்.

ஆழிக்காகம்:
அதே உதாரணம் என் பக்கமும் பேசும். இரு தரப்பும் சேர்ந்து செய்ததால்தான் அது முடிந்தது. விலையும் இருந்தது: நஞ்சின் எச்சம் நண்டுகளிலும் மீன்களிலும் காணப்பட்டது, மடவை மீன்கள் செத்தன. பலனோ பெரிது. எலி போனபின் ஆசியப் புலிக்கொசுவும் மறைந்தது. அது குடிக்க எலி இரத்தம் இல்லாமல் போனதே காரணம் என்று கருதுகிறார்கள். பிசோனியா போன்ற உள்ளூர் மரக்கன்றுகள் கூட்டமாக எழுந்தன. (நம் வீட்டு வாசல்களில் லச்சக்கெட்ட கீரை என்று வளர்க்கும் மரமும் பிசோனியா இனம்தான்.)

ஒரே துறையின் கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும் என்கிறீர்களே, 1991-ல் பவளப்பாறையில் மோதிய தைவான் மீன்பிடிக் கப்பலைச் சொல்லுங்கள். கிடந்தது முழுக்க அரசு நீரில். அதன் இரும்பு கரைந்து, பவளத்தை மூடிப் படரும் ஓர் உயிரி பெருகியது. மிதவைகளின் சங்கிலியைச் சுற்றியும் வளர்ந்தது. சரணாலயம் ஆனது 2001-ல். கப்பலை எடுத்தது 2013-14-ல்.

தென்கடல்:
கூப்பர் யாரிடம் இருந்தால் என்ன? 2025 ஏப்ரலில் இந்தக் கடல்சார் நினைவுச்சின்னத்தில் வணிக மீன்பிடிப்பைத் திறந்துவிட்டார்களே!

ஆழிக்காகம்:
அந்த அறிவிப்பு 50 முதல் 200 கடல் மைல் வரையுள்ள பகுதிக்கு. 2014-ல் நினைவுச்சின்னத்தை 200 வரை நீட்டியது அதில் அடங்கிய ஜார்விஸ், ஜான்ஸ்டன், வேக் ஆகிய மூன்று தீவுகளுக்குத்தான். பால்மைரா, அதன் அருகிலுள்ள கிங்மன் பாறை ஆகியவற்றின் எல்லை 50-லேயே நின்றது. இங்கே அந்த அறிவிப்பால் திறக்க நீர் இல்லை.

கடல்வரைபடம்:
சரியான திருத்தம். கப்பல் விஷயத்திலும் தாமதம் உண்மை, ஆனால் அதற்குக் காரணம் பணப் பற்றாக்குறை. தனியார் நிலம் அதைக் குணப்படுத்தாது. என் கவலை நீண்டகால வேலைகள். தென்னை அடர்ந்த இடத்தில் கடற்பறவைகள் குறைவு. எச்சம் விழாததால் மண்ணில் நைட்ரஜன் குறைந்து, கரையோர மிதவை உயிரிகளும், அவற்றைத் தின்ன வரும் மண்டா திருக்கைகளும் குறைகின்றன. எலி போனபின் தென்னங்கன்றும் பெருகுகிறது, ஏனென்றால் அதையும் எலிதான் கடித்துவந்தது. தென்னையை வெட்டினால் மட்டும் போதாது. மறுபடி முளைப்பதைப் பல ஆண்டுகள் சுற்றிவந்து பிடுங்க வேண்டும். அமைப்பின் முன்னுரிமை நடுவில் மாறினால்?

வாங்க முடியாது என்றால் குறைந்தபட்சம் ஓடுதளம், எரிபொருள் கிடங்கு, படகுத்துறை ஆகியவற்றைச் சரணாலயம் பயன்படுத்தும் உரிமை நிலப் பத்திரத்திலேயே ஏறட்டும். நாளை கூப்பர் கைமாறினாலும் உரிமை நிலத்தோடு போகும்.

ஆழிக்காகம்:
இதற்கு உடன்படுகிறேன். கூடவே ஒரு ஷரத்து: வரும் ஒவ்வொரு கப்பலும் புறப்படும் துறைமுகத்திலேயே எலிச் சோதனையும் அடிப்பாகச் சோதனையும் முடித்திருக்க வேண்டும், கூப்பரில் இறங்கும் சரக்குக்கும் அதே விதி. படகுத்துறை இருப்பது தனியார் நிலத்தில், ஆனால் சினை எலி ஒன்று இறங்கினால் பாழாவது சரணாலயம்.