தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள்: என்ன சொல்வது, என்ன கொண்டுபோவது?

கொலம்பஸ்வாசி:
ஒஹாயோவுக்கு வந்து நான்கு மாதங்களே ஆகின்றன. நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் என்னும் அமெரிக்க நன்றித் திருநாள் விருந்துக்கு அண்டை வீட்டார் எங்கள் இருவரையும் அழைத்திருக்கிறார்கள். உண்ணத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தாம் எதற்கு நன்றியுடையவர் என்று சொல்வது அவர்கள் வீட்டு வழக்கமாம். பெற்றவர்களுக்கே வாய்விட்டு நன்றி சொல்லிப் பழகாத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இது வெறும் சடங்குதானா? மரக்கறி மட்டும் உண்ணும் நாங்கள் எதைக் கொண்டுபோகலாம்?

பழைய குடியேறி:
நானும் முதலில் சடங்கு என்றுதான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது அந்த நன்றியுரை அல்ல; உணவுக் கிண்ணங்கள் மேசையைச் சுற்றி வந்த விதம். நம் வீடுகளில் பரிமாறுகிறவர் நின்றுகொண்டே இருந்து, எல்லோரும் எழுந்த பிறகு மிஞ்சியதை உண்பார். அவர் பெரும்பாலும் அம்மாவாகவே இருப்பார். அங்கோ, விடியற்காலையிலிருந்து வான்கோழியோடு போராடிய வீட்டுத் தலைவியும் எங்களோடு அமர்ந்தார். உருளைக்கிழங்கு மசியலை இடப்பக்கத்தவர் நீட்ட, நான் எடுத்துக்கொண்டு அடுத்தவருக்காகக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மரக்கறியாளர் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வான்கோழியோடு பரிமாறும் ரொட்டிக் கலவையான ஸ்டஃபிங்கில் பெரும்பாலும் கோழிச்சாறு இருக்கும். கிரேவி வான்கோழியிலிருந்து வடிந்த சாற்றில் செய்வது. சர்க்கரைவள்ளிக் கிழங்கின்மேல் உருகிக் கிடக்கும் மார்ஷ்மெல்லோ என்னும் மெத்தென்ற மிட்டாயில், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. கிரான்பெரி என்னும் புளிப்புச் சிறுபழத்தில் செய்யும் சாஸ் பெரும்பாலும் நமக்கு ஏற்றது. நம் நாக்குக்கு அது இனிப்புத் தொக்கு. எலுமிச்சைச் சாதம் கொண்டுபோங்கள், ஆறினாலும் கெடாது.

வரலாற்று ஆர்வலர்:
இந்த விழாவின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1621 விருந்து: இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத்தில் ஏறக்குறைய 50 ஆங்கிலக் குடியேறிகளும், தலைவர் மசசோயிட்டுடன் வந்த 90 வாம்பனோக் பூர்வகுடி ஆடவரும் மூன்று நாள் சேர்ந்து உண்டார்கள். வாம்பனோக்குகள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். ஆனால் இதைத் தேசிய விழாவாக்கப் பல்லாண்டுகள் எழுதி வற்புறுத்தியவர் சாரா ஜோசஃபா ஹேல் என்ற இதழாசிரியர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் அதிபர் லிங்கன் அதை அறிவித்தார். தங்கள் நிலத்தை இழந்த பூர்வகுடியினர் 1970 முதல் பிளிமத்தில் இதே நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்பதையும் அறிந்துகொண்டு போங்கள்.

கொலம்பஸ்வாசி:
எலுமிச்சைச் சாதம் உறுதியாகிவிட்டது. பரிமாறுகிறவரைப் பற்றிப் படித்ததும் ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, இத்தனை ஆண்டுகள் கடைசியில் உண்டதற்காக அம்மாவுக்கு நன்றி சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், நீ சாப்பிட்டாயா?" என்றார்.