ஓட்டை 2 செ.மீ., வலை ஏன் 15 செ.மீ.?

ரங்கூனிலிருந்து: அண்ணே, அப்பாவுக்குத் தொடைமடிப்பில் குடலிறக்கம். ஓட்டை சின்னதுதான்; ஆபரேஷனில் அதன்மேல் வைத்துத் தைக்க 7.5 × 15 செ.மீ. பாலிப்ரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) வலை கேட்கிறார்கள். சின்னதாக வாங்கினால் ஆகாதா?

பதில்: ஆகாது தம்பி. தழும்பு பிடிக்கப் பிடிக்க வலை சுருங்கும். இடுப்பு முன்னெலும்பின் முடிச்சைத் தாண்டி 2 செ.மீ. படியணும், அந்த மூலையில் குறைந்தால் அங்கேதான் மறுபடி இறங்கும். விறைப்பாக இழுத்தும் தைக்கக் கூடாது, கூடாரம் மாதிரி லேசாகப் புடைத்து நிற்கணும். படுத்திருக்கும்போது சரியாகத் தெரிவது எழுந்து இருமினால் இழுபடும். இப்படி வலை வைத்துத் தைக்கும் லிக்டென்ஸ்டைன் முறையில் முக்கியமே இந்தத் தளர்வுதான்.

பதில்: பிரித்த உறையின் மிச்சத்துண்டை மலிவாகத் தந்தாலும் வாங்காதீங்க. வலை உறையிலுள்ள லாட் நம்பர் (தயாரிப்புத் தொகுதி எண்) ஸ்டிக்கரை அப்பாவின் சிகிச்சைச் சீட்டில் ஒட்டச் சொல்லுங்க.

பதில்: குடலைத் தொடும் இடத்தில் மட்டும் வெறும் பாலிப்ரொப்பிலீன் கூடாது, குடல் ஒட்டிக்கொள்ளும்.