பத்து மணிக்குப் பிறகு வரும் சேவல்: கரன்ட் ஆற்றங்கரையில் ஏப்ரல்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், ஓசார்க் மலைகளுக்கிடையே ஓடும் கரன்ட் ஆற்றில் மீன்பிடிக்க வருபவர்களுக்குப் படகோட்டுவதும், ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பருவம் திறந்தவுடன் அவர்களையே காட்டு வான்கோழி வேட்டைக்கு அழைத்துச் செல்வதும் என் தொழில். இளவேனிலில் வருகிறவர்களில் பெரும்பாலோர் விடியலுக்கு முன் எழுந்து, எட்டு மணிக்குள் பறவை கிடைக்காவிட்டால் "இன்றைய பொழுது போயிற்று" என்று எழுந்துவிடுகிறார்கள். நான் பார்த்த நல்ல வேட்டைகளில் பல அந்த எட்டு மணிக்குப் பிறகுதான் தொடங்கின என்பதால், அவற்றுள் இரண்டை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பறவையின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வான்கோழிகள் இரவில் உயரமான மரங்களில் அடைகின்றன. கீழ்வானம் வெளுக்கும்போது ஆந்தை கத்தினால்கூட, அந்தச் சத்தத்துக்கே திடுக்கிட்டதுபோல் சேவல் மரத்திலிருந்து எதிர்க்குரல் கொடுக்கும். நாங்கள் ஆந்தையைப் போல் கூவிப் பார்ப்பது அது அடைந்திருக்கும் மரத்தைக் கண்டுபிடிக்கத்தான். அது தரையிறங்கியதும் பெட்டைகள் அதைச் சூழ்ந்துகொள்ளும், சேவலும் வாயை மூடிக்கொள்ளும். இயல்பில் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலைத் தன்னிடம் வரச் சொல்வது அதன் வழக்கத்துக்கே நேர்மாறானது. பெட்டைகள் கூடவே இருக்கும்போது அது ஏன் வரப்போகிறது? ஆனால் முற்பகலில் பெட்டைகள் முட்டையிடவோ அடைகாக்கவோ ஒவ்வொன்றாக நழுவிவிடும். பத்து மணியளவில் தனித்துவிடப்பட்ட சேவல்தான் நாம் காத்திருக்க வேண்டிய சேவல்.

ஒரு முறை செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து ஒரு தந்தையும் கல்லூரியில் படிக்கும் மகளும் வந்திருந்தார்கள். மகளுக்கு அதுவே முதல் வேட்டை. ஆற்றை ஒட்டிய ஒரு தனியார் பண்ணையில், கூழாங்கல் திட்டு ஒன்றைப் பார்த்தபடி, தோளைவிட அகலமான வெள்ளை ஓக் மரத்தின் அடியில் அவளை உட்காரவைத்தேன். முதுகை மறைக்கும் மரம் வேண்டும் என்பது எனக்கு மீற முடியாத விதி. பொழுது விடிந்ததும் சேவல் கூவியது. ஆனால் ஆற்றின் எதிர்க்கரையில். மூன்று பெட்டைகளுக்கு நடுவே அது இறகுகளைச் சிலிர்த்து, வாலை விசிறியாக விரித்து, இறக்கை நுனிகள் தரையைத் தேய்க்கச் சுற்றிச் சுற்றி நடந்ததை நாங்கள் தெளிவாகவே பார்த்தோம். கிளர்ச்சி கூடும்போது அதன் தலை வெள்ளையாகவும் நீலமாகவும், கழுத்து செக்கச் செவேலென்றும் நிறம் மாறுவதைக் கண்ட அந்தப் பெண், துப்பாக்கியை மறந்துவிட்டு வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தந்தை என் காதருகே குனிந்து, "படகில் அக்கரைக்குப் போய்விடலாமே" என்றார். நான் மறுத்தேன். வான்கோழிக்கு மோப்பம் சொற்பம், கண்ணோ அபாரம். தலையைச் சற்றே திருப்பினால் சுற்றுவட்டம் முழுவதையும் பார்த்துவிடும் பறவையின் முன்னால் படகைத் தள்ளுவது அதை விரட்டுவதற்குச் சமம். அதே சமயம் ஓடை, வேலி, அடர்ந்த புதர் போன்ற சிறு தடைகள்கூட நடந்து வரும் சேவலை நிறுத்திவிடும் என்பதும் எனக்குத் தெரியும். பறக்க முடியாமல் அல்ல. நன்றாகவே பறக்கும், ஆனால் பெட்டைக்காக அந்தச் சிரமம் எடுத்துக்கொள்ள அதற்கு மனம் வருவதில்லை. ஒன்பது மணிக்கு அந்தக் கூட்டம் காட்டுக்குள் மறைந்தது. மகள் "நாம் போகலாமா, ஐயா?" என்று கேட்டாள். நான் தலையசைத்து மறுத்துவிட்டு, வெகுநேரத்துக்கு ஒருமுறை மட்டும், ஸ்லேட் தகட்டில் குச்சியைத் தேய்த்து மெல்லிய குரல் ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணிக்கு மேல் எதிர்க்கரையில் ஒரே ஒரு கூவல் கேட்டது. அடுத்து எந்த ஓசையும் இல்லை. திடீரென்று மரக்கிளைகள் முறிவதுபோல் சிறகடித்தபடி அந்தச் சேவல் ஆற்றைத் தாண்டிப் பறந்து வந்து திட்டின் ஓரத்தில் இறங்கியது. கழுத்தை நீட்டி, பெட்டை எங்கே என்று தேடியபடி முப்பது மீட்டருக்குள் அது வந்து நின்றபோது, அவள் நான் சொல்லிக்கொடுத்தபடி தலைக்கும் கழுத்துக்கும் குறிவைத்து ஒரே வெடியில் வீழ்த்தினாள். ஆற்றைத் தாண்டி வந்த சேவலை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆகவே இதை வழக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காத்திருந்ததால் பார்க்கக் கிடைத்தது, அவ்வளவே.

இரண்டாவது அனுபவம் இனிமையானது அல்ல. பொது நிலம் ஒன்றில் விருந்தினர் ஒருவருடன் உட்கார்ந்து பெட்டைக் குரல் எழுப்பிக்கொண்டிருந்தபோது, பின்பக்கச் சருகில் காலடிச் சத்தம் கேட்டது. சேவல்தான் சத்தமின்றிச் சுற்றி வருகிறது என்று விருந்தினர் துப்பாக்கியைத் திருப்பப் பார்த்தார். நான் அவர் கையை அழுத்திப் பிடித்தேன், ஏனென்றால் அந்த அடிகளில் சேவலின் தாளம் இல்லை. சேவல் இரண்டு மூன்று அடி வைக்கும், நிற்கும், சருகைக் கிளறும், மறுபடி நடக்கும். இது ஒரே சீராக, பதுங்கி வந்தது. உடம்பை அசைக்காமல், கையை ஆட்டாமல், உரத்த மனிதக் குரலில் "இங்கே ஆள் இருக்கிறோம்" என்றேன். புதருக்குப் பின்னாலிருந்து முகமூடி அணிந்த ஒருவர் எழுந்து நின்றார். எங்கள் குரலைப் பெட்டை என்றே நம்பி ஊர்ந்து வந்திருக்கிறார். கையை ஆட்டியிருந்தால் அந்த அசைவையே அவர் பறவை என்று நினைத்திருக்கலாம். சேவலின் தலையில் உள்ள சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களில் எதையும், கைக்குட்டை அளவுக்குக்கூட, என்னுடன் வருபவர்கள் அணியக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதை இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு யாரும் கிண்டல் செய்வதில்லை. ஒலி வந்த திசையை நோக்கி ஊர்ந்து செல்வது வேட்டையே அல்ல என்பது என் கருத்து.

இந்தப் பறவைகள் இங்கே இருப்பதே ஒரு மீட்பின் விளைவு. 1950களின் தொடக்கத்தில் மிசூரி முழுவதிலும் சில ஆயிரம் வான்கோழிகள்கூட எஞ்சியிருக்கவில்லை. இந்த ஆற்றுக்கு அருகில் உள்ள பெக் ராஞ்ச் போன்ற இடங்களில் வலைவீசிப் பிடித்த காட்டுப் பறவைகளை 1954 முதல் மாநிலமெங்கும் கொண்டுபோய் விட்டார்கள். 1960இல்தான் வேட்டைப் பருவம் மறுபடி திறந்தது. அண்மை ஆண்டுகளில் குஞ்சுகள் பிழைப்பது குறைந்து எண்ணிக்கை மீண்டும் சரிந்திருப்பதால், இளஞ்சேவல் கிடைத்தால் விட்டுவிடும்படியே விருந்தினர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். சட்டம் அதைச் சுட அனுமதிக்கிறது. நான் வற்புறுத்துவதில்லை, ஆனால் கேட்காமலும் இருப்பதில்லை.

பொது நிலத்தில் வேட்டை பகல் ஒரு மணிக்கு முடிய வேண்டும். தனியார் நிலத்தில் 2024 முதல் சூரியன் மறையும்வரை அனுமதி உண்டு என்றாலும் நான் ஒரு மணிக்கே நிறுத்திக்கொள்கிறேன். பறவைக்கும் ஓய்வு வேண்டும், ஆற்றுக்கும் அதுதான் நேரம். ஊற்று நீரால் ஓடும் ஆறு இது. வான் ப்யூரன் ஊருக்குக் கீழே உள்ள பிக் ஸ்பிரிங் ஊற்று மட்டுமே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 14 பாகை செல்சியஸ் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த ஏப்ரல் இரவுக்குப் பிறகு காலையில் மடுவின் அடியில் சோம்பிக் கிடக்கும் ஸ்மால்மவுத் பாஸ் மீன்கள், பிற்பகல் வெயிலில் நீர் இரண்டொரு பாகை கூடியதும் கூழாங்கல் சரிவுகளுக்கு ஏறி வருகின்றன. முட்டையிடும் காலம் நெருங்குவதால் அவற்றுக்குப் பசியும் அதிகம். நண்டு நிறத்துப் போலி இரையைக் கல்லின் மேல் தட்டித் தட்டி இழுத்தால் போதும். காலையில் சேவலுக்காக அசையாமல் உட்காரக் கற்றவர்கள் பிற்பகலில் இரையை மெதுவாக இழுப்பதிலும் தேறிவிடுகிறார்கள் என்பதை நான் கவனித்திருக்கிறேன். மே மாத இறுதிவரை இந்த ஆற்றில் பிடிக்கும் பாஸ் மீன்களைத் திரும்ப விட்டுவிட வேண்டும். முட்டைக்குழியைக் காப்பது ஆண் மீன்தான், அதைத் தூக்கிவிட்டால் முட்டைகளுக்குக் காவல் இல்லை.

மழை மட்டும் எல்லாக் கணக்கையும் புரட்டிவிடும். 2017 ஏப்ரல் இறுதியில் பெய்த மழையில் வான் ப்யூரனில் ஆற்றின் நீர்மட்டம் 37 அடியைத் தொட்டு, 1904இன் பழைய உச்சத்தையும் தாண்டியது. அப்படிப்பட்ட நாட்களில் படகை எடுப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பறவை கிடைத்தால் அன்றிரவு 10 மணிக்குள் மாநிலத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதைப் படகு கரை சேரும்போதே நினைவூட்டிவிடுகிறேன், மீன்பிடிக்கும் உற்சாகத்தில் பலர் மறந்துவிடுவதால். என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பருவம் திறக்கும் நாளை விட்டுவிட்டு இரண்டாம் வாரத்தில் வாருங்கள் என்பதுதான். அதற்குள் பெட்டைகள் பல அடையில் உட்கார்ந்திருக்கும், நீரும் சற்று வெதுவெதுப்பாகியிருக்கும். இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு முதலில் நிரம்புவது திறப்பு நாளே.