ஏற்காடு மலையோட்டச் சின்னம் பனியனில் ஏன் கரைந்துபோகிறது?

மலையோட்டக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். சேலத்திலிருந்து மலைப்பாதை வழியாக ஏற்காடு ஏறும் ஓட்டம் ஒன்றை எங்கள் குழு நடத்தவிருக்கிறது. அதற்கான சின்னத்தில் மலை, ஏரி, காப்பிச் செடி, ஓடுபவர் என அனைத்தையும் ஒரே வட்டத்துக்குள் வரைந்தேன். பத்தடி ஃபிளெக்ஸில் அழகாக இருந்த அதே படம், பனியனின் நெஞ்சுப் பக்கத்தில் இரண்டு அங்குல அளவில் அச்சானபோது, காப்பி இலையும் ஓடுபவரின் காலும் ஒன்றோடொன்று ஒட்டி மைக்கறைபோல் ஆகிவிட்டது. ஐந்து வண்ணத்துக்கு ஐந்து ஸ்கிரீன் (மையை இறக்கும் வலைச்சட்டம்) போட வேண்டும் என்று அச்சிடுபவர் வேறு சொல்கிறார். ஒலிம்பிக்கில் மட்டும் நுழைவுச்சீட்டு முதல் அரங்க முகப்பு வரை ஒரே சின்னம் எப்படி நிற்கிறது?

பழைய அச்சுக்கோப்பவர்:
குறை அச்சில் இல்லை, படத்தில்தான் இருக்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்குக் காமெகுரா யூசாகு வரைந்த சின்னத்தில் ஒரு பெரிய சிவப்பு வட்டம், அதன்கீழ்ப் பொன்னிற ஐந்து வளையங்கள், ஊர்ப்பெயர், ஆண்டு ஆகியவை மட்டுமே உண்டு. ஃபூஜி மலையைக்கூட அவர் வைக்கவில்லை. விளையாட்டுகளையும் கழிப்பறை போன்ற வசதிகளையும் காட்ட அப்போட்டியில் தனித்தனிக் குறிப்படங்கள் இருந்தன. உங்கள் ஏரியையும் அப்படிப் பிரித்துவிடலாம்.

அம்மாபேட்டை கிராப்:
ஜக்கார்டு தறிக்குக் கிராப் போடுவது, அதாவது துணியில் நெய்யவேண்டிய உருவத்தைக் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக வரைவது, என் தொழில். 1972 மியூனிக் போட்டிக்கு ஓட்ல் ஐஷர் குழுவினர் வரைந்த வீரர் உருவங்களை முதன்முதலில் பார்த்தபோது, எங்கள் தொழிலைச் சேர்ந்த யாரோ போட்டது என்றே நினைத்தேன். தலை மட்டும் வட்டம்; கை, கால், உடல் எல்லாம் படுக்கை, நெடுக்கு, 45 பாகைச் சாய்வு என்ற கோடுகளுக்குள் அடங்கிவிடும். கிராப் தாளில் 45 பாகைக் கோடு கட்டத்துக்குக் கட்டம் சீராக ஏறும். 30 பாகைக் கோடோ ஓரிடத்தில் இரண்டு கட்டம், அடுத்த இடத்தில் ஒரு கட்டம் என்று தாவி, பல் பல்லாகத் தெரியும். (நெடுக்கு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் ஒரே நெருக்கத்தில் இல்லாவிட்டால் துணியில் இந்தச் சாய்வும் மாறிவிடும், அது எங்கள் தலைவலி.) வண்ணத்திலும் அவர்கள் கறாராக இருந்தார்கள்: நாஜி ஆட்சியின் கொடியை நினைவூட்டும் சிவப்பை ஒதுக்கிவிட்டு, வெளிர்நீலத்தையும் பச்சையையும் முன்னிறுத்தினார்கள்.

கோட்டோவியன்:
நேர்கோடுதான் வழி என்பதை நான் ஏற்கவில்லை. 1968 மெக்சிகோ சின்னத்தில் லான்ஸ் வைமன் ஐந்து வளையங்களை 68 என்ற எண்ணோடு பிணைத்து, அவற்றைச் சுற்றி இணைகோடுகளை அலையலையாக விரித்தார். முழுக்க வளைவுகள்தாம், ஆயினும் கோட்டின் தடிப்பும் இடைவெளியும் கட்டுக்குள் இருப்பதால் படம் குழம்புவதில்லை. கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையைக் கையில் வைத்துக்கொண்டு காப்பிச் செடியைத் தேடுவானேன்?

மலையோட்டக்காரன்:
மூவருக்கும் நன்றி. சாலையை ஒரே தடிப்புள்ள ஒற்றைக் கோடாக, மேலே போகப் போகக் குறுகி மலையின் வடிவம் கொள்ளுமாறு வரைந்தேன். 20 வளைவுகளையும் வைத்தபோது இரண்டு அங்குலத்தில் மீண்டும் ஒட்டிக்கொண்டன. ஐந்தாகக் குறைத்தபின் எதிர்ச்சுவரில் ஒட்டிப் பார்த்தாலும் தெளிவாகத் தெரிகிறது. ஒரே வண்ணம், ஒரே ஸ்கிரீன். ஏரி எங்கே என்று குழுவில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஓட்டம் முடியும் இடத்துப் பலகைக்கு அதைத் தனியாக வரைந்துகொண்டிருக்கிறேன்.