மறு: 'சர்டிஃபிகேஷன்' – தகுதிச்சான்றா, தேர்ச்சிச்சான்றா?

அனைவருக்கும் வணக்கம். தரவுத்தள நிர்வாகிகள் தேர்வெழுதிப் பெறும் 'சர்டிஃபிகேஷன்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் இழைக்கு என் மறுமொழி இது. வந்த கருத்துகளை மேற்கோளாகத் தந்து கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

> சான்றிதழ் என்பதே எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே, புதுச்சொல் எதற்கு?

தெரிந்த சொல்தான். ஆனால் அதன் தலையில் ஏற்கெனவே சுமை அதிகம். தரவுத்தளச் செயலியின் பிழைச்செய்தியில் "சான்றிதழ் காலாவதியாகிவிட்டது" என்று வந்தால் அது டிஎல்எஸ் சான்றிதழ், அதாவது பாதுகாப்பான இணைப்புக்காகச் சேவையகம் தன்னை அடையாளம் காட்டும் கோப்பு. சேவையகத்தில் புதிய கோப்பை வைத்தால் வேலை முடிந்தது. அதே வரி ஒரு நிர்வாகியின் தன்விவரக் குறிப்பைப் பற்றியதாக இருந்தால், அவர் மறுபடி தேர்வெழுத வேண்டும். இரண்டும் ஒரே ஆவணத்தில் வரக்கூடிய துறை இது. இவை போதாதென்று, இரண்டு நாள் பயிற்சியில் உட்கார்ந்து எழுந்ததற்குக் கொடுக்கும் தாளும் சான்றிதழ்தான்.

ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17024 தரம், கையில் கிடைக்கும் ஆவணத்தையும், ஒருவர் தேவையை நிறைவுசெய்கிறாரா என்று பார்க்கும் நடைமுறையையும் தனித்தனியே வரையறுக்கிறது. நடைமுறைக்குச் 'சான்றளிப்பு' என்பதில் இங்கே யாருக்கும் மறுப்பு இல்லை. சட்டம் கேட்கும் அனுமதிக்கு 'உரிமம்' இருக்கிறது. தரவுத்தள வேலைக்கு அது பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ஆக, தேர்வெழுதி ஒருவர் பெறும் அந்தப் பொருளுக்குத்தான் பெயர் வேண்டும்.

> 'தகுதிச்சான்று' என்று வைத்துவிடலாம். சுருக்கம், தெளிவு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் ஓயாமல் நடக்கும் சண்டையே, இது தகுதியைக் காட்டுகிறதா இல்லையா என்பதுதான். பெயரிலேயே 'தகுதி' என்று எழுதிவிட்டால் ஒரு தரப்புக்கு நாமே தீர்ப்பு வழங்கியதாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இருந்த நிலைக்குத் தரவை மீட்க எந்த அமைப்பைப் (செட்டிங்) பயன்படுத்த வேண்டும் என்று கேட்டு, நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். அந்தப் பெயரை ஆவணத்தில் பார்த்தால் அரை நிமிடத்தில் கிடைக்கும். வேலையில் கழுத்தைப் பிடிப்பது வேறு: அடிப்படைப் பிரதி இருக்கிறது, அதற்குப் பிந்தைய மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்புகளின் சங்கிலியில் நடுவே ஒன்றைக் காணோம், அதைத் தாண்டி மீட்பு நகராது. இது நடப்பதற்கு முன்பே, அவ்வப்போது மீட்டுப் பார்த்துச் சோதித்திருப்பவர்தான் தகுதியானவர். அந்தப் பழக்கத்தை நான்கு விடைகளில் எப்படி அடைப்பது?

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. தேர்வுக்குப் படிப்பவர், தன் வேலையில் தொட்டே பார்க்காத மூலைகளையும் ஒருமுறையாவது பார்த்துவிடுகிறார். எல்லாத் தேர்வும் சரியான விடைக்குப் புள்ளி வைக்கும் தேர்வும் அல்ல; ஆரக்கிள் தரவுத்தளத்தின் மாஸ்டர் நிலைச் சான்றுக்குக் கணினி முன் உட்கார்ந்து செய்துகாட்ட வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்டும் தன் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்துக்கு அப்படியொரு மாஸ்டர் நிலையை வைத்திருந்து 2013இல் மூடியது. அதில் வென்றவர்கள் பலருக்கு அந்த வருத்தம் ரொம்ப நாள் இருந்தது.

அதனால் என் முன்மொழிவு 'தேர்ச்சிச்சான்று'. தேர்வில் தேர்ச்சி என்றால் வெற்றி. "அந்தக் கலையில் தேர்ச்சி மிக்கவர்" என்றால் திறமை. சண்டையின் இரு பக்கமும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. யார் எந்தப் பொருளில் எடுத்தாலும் பொய்யாகாது.

> உச்சரித்துப் பார்த்தீர்களா? ச்சிச்சா என்று நாக்கு தடுக்குகிறது.

பார்த்தேன், தடுக்கத்தான் செய்கிறது. 'தேர்வுச்சான்று' எளிதுதான். ஆனால் தேர்வு என்றால் தெரிவு என்றும் பொருள், 'தரவுத்தளத் தேர்வு' என்று எழுதினால் எந்தத் தரவுத்தளத்தை வாங்குவது என்ற கட்டுரையாகிவிடும். நாக்குக்குப் பழகிவிடும் என்று நம்புகிறேன்.

'சான்று பெற்றவர்' என்பதைச் சுருக்கி 'சான்றர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். அடுத்த படியில் அது 'சான்றோர்' ஆகும். பல்விடைத் தேர்வு எழுதி அந்த இடத்துக்குப் போக முடியாது! 'தேர்ச்சிச்சான்று பெற்ற நிர்வாகி' என்று நீட்டியே எழுதுவோம்.

பெற்ற சான்று எப்போது காலாவதியாகும், அதை நீட்டிப்பதற்கு என்ன சொல் என்ற கேள்விக்கு: சான்று எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஃபைல்மேக்கர் என்ற தரவுத்தள மென்பொருளின் உருவாக்குநர்களுக்குப் பதிப்புவாரியாகச் சான்று கொடுத்தார்கள். பதிப்பு பழசானால் சான்றும் பழசு. மைக்ரோசாஃப்ட் தன் பழைய எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ சான்று வரிசைகளை 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டு, வேலைப்பொறுப்பு சார்ந்தவற்றை முன்வைத்தது. அவற்றில் தரவுத்தள நிர்வாகிக்கானதை ஆண்டுக்கொரு முறை இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். எரிச்சலாக இருந்தாலும் காரணம் இல்லாமல் இல்லை. மீட்பு அமைப்புகளை ரெகவரி.கான்ஃப் என்ற தனிக்கோப்பில் எழுத வேண்டும் என்று மனப்பாடம் செய்தவரை, 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12 கைவிட்டுவிட்டது. அந்தக் கோப்பு கிடந்தால் சேவையகமே கிளம்பாது. ஆகவே சான்றை இப்படி நீட்டிப்பதற்குப் 'புதுப்பிப்பு' என்ற சொல்லே போதும், 'மறுசான்றளிப்பு' என்று இழுக்க வேண்டாம்.

அப்புறம், 'டம்ப்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று முந்தைய மடலில் கேட்டிருந்தீர்கள். தேர்வில் வந்த கேள்விகளைத் திருட்டுத்தனமாகத் திரட்டி விற்பதற்கும் டம்ப், தரவுத்தளத்தை அப்படியே கோப்பாக இறக்குவதற்கும் டம்ப். "டம்ப் இருக்கா?" என்று கேட்டால் எதைக் கேட்கிறார் என்பது ஆளைப் பொறுத்தது. முதலாவதற்குக் 'கேள்வித்திருட்டு' என்று சொல்லத்தான் கை துடிக்கிறது, ஆனால் கலைச்சொல்லில் கோபம் கூடாது, 'கேள்வித்திரட்டு' என்கிறேன். இரண்டாவது 'தரவு இறக்கம்'. 'இறக்கம்' ஏற்கெனவே பதிவிறக்கத்தோடு மோதுகிறது என்று தெரியும். நல்ல சொல் இருப்பவர்கள் இதே இழையில் எழுதுங்கள்.