கெர்ரிக்கு எல்லாம் வென்று கொடுத்த கூச்சுக்கு, கிளப் கோப்பை ஏன் அவ்வளவு பெரிது?

கார்க்_முருகன்:
வணக்கம். அயர்லாந்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பத்து வயது மகன் பள்ளியில் கேலிக் கால்பந்து (பந்தைக் கையாலும் பிடிக்கிற, இந்த நாட்டின் சொந்த ஆட்டம்) ஆட ஆரம்பித்திருக்கிறான். அவனுடைய கோச் கெர்ரி மாவட்டத்துக்காரர். எதற்கெடுத்தாலும் "கூச் ஆடியதைப் பார்" என்கிறார். கோல்ம் கூப்பர்தான் அந்தக் கூச் என்று தேடித் தெரிந்துகொண்டேன். கெர்ரிக்காக அகில அயர்லாந்துக் கோப்பையைப் பல முறை வென்றிருக்கிறார். ஆனால் 2017-இல் உள்ளூர் கிளப்புக்கு வென்றதைத்தான் கோச் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எனக்குப் புரியவில்லை. ரஞ்சி அணிக்கு ஆடியவர் ஊர் லீக் கோப்பையைப் பெரிதாக நினைப்பாரா? அப்புறம், இவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு?

கிலார்னி_சேகர்:
முருகன், நான் பதினாறு வருடமாகக் கிலார்னியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருக்கிறேன். கூச்சின் ஊர் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சம்பளம். கிடையாது. பயணச் செலவு, வீரர்களுக்கான சிறு உதவித்தொகை, அவ்வளவுதான். 80,000 பேருக்கு மேல் கொள்ளும் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் ஞாயிறன்று ஆடிவிட்டு, மறுநாள் பாடம் நடத்தவோ வயலுக்கோ போகிறவர்கள் இவர்கள். கூப்பர் வங்கியில் வேலை பார்த்தார்.

கிளப்பை ரஞ்சி, லீக் என்று ஒப்பிட்டால் பிடிபடாது. இங்கே கிளப் என்பது பிறந்த ஊர். யாரும் விலைக்கு வாங்க முடியாது, ஏலம் கிடையாது. ஆறு வயதில் சேருகிற கிளப்புக்குத்தான் பெரும்பாலானோர் முப்பத்தைந்து வயதிலும் ஆடுவார்கள். அங்கே நன்றாக ஆடுகிறவர்களைக் கவுண்ட்டி, அதாவது கெர்ரி மாதிரி மாவட்ட அணி, கூப்பிட்டுக்கொள்கிறது. கவுண்ட்டி ஆட்டம் முடிந்ததும் திரும்பி வந்து அதே பழைய சட்டை.

கூப்பரின் கிளப் டாக்டர் குரோக்ஸ், கறுப்பும் மஞ்சளும். 1992 மார்ச் 17, புனித பேட்ரிக் நாள், இந்தக் கிளப் அகில அயர்லாந்துக் கிளப் கோப்பையை வென்றது. அன்று அணியோடு குட்டிச் சின்னமாக (மாஸ்காட்) குரோக் பார்க்கில் நின்ற எட்டு வயதுப் பையன்தான் கூப்பர். அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2002-இல் கெர்ரி அணிக்கு வந்தார். அந்த வருடமே இறுதி ஆட்டம், அர்மா கவுண்ட்டியிடம் தோல்வி. 2004 இறுதியில் மேயோவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அதை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். உயரமாக வரும் பந்தைப் பிடிக்கிறார், தடுக்க வந்தவரை ஒரு திருப்பில் விட்டுவிட்டு உள்ளே வெட்டுகிறார், பதற்றமே இல்லாமல் வலைக்குள் தள்ளுகிறார். ஒல்லியான உடம்பு, பெரிய வேகமும் கிடையாது. எதிராளி எந்தக் காலில் எடையை வைத்திருக்கிறார் என்பது இவருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். 2006, 2007, 2009 என்று தொடர்ந்து கோப்பைகள். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுக்குத் தரும் ஆல் ஸ்டார் விருது எட்டு முறை.

கிளப்பில்தான் கை நழுவிக்கொண்டே இருந்தது. 2007 இறுதியில் கிராஸ்மக்லென் அணியோடு சமன், மறு ஆட்டத்தில் தோல்வி. 2012, 2013 அரையிறுதிகளிலும் தோல்வி. 2014 பிப்ரவரியில் போர்ட்லீஷில் இன்னொரு அரையிறுதி, காசில்பார் மிட்செல்ஸ் அணிக்கு எதிராக. அதில் அவருடைய முழங்கால் ஜவ்வு கிழிந்தது, சில்லும் உடைந்தது. ஆட்டமும் போனது. அந்த செப்டம்பரில் கெர்ரி டொனெகாலை வென்றபோது கோப்பையைத் தூக்கிய இருவரும், ஃபியோன் ஃபிட்ஸ்ஜெரால்ட், கீரன் ஓ'லியரி, குரோக்ஸ் பையன்கள். கூப்பர் அன்று ஆட முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது வயதில் அந்தக் காயம். பலர் அத்தோடு விட்டுவிடுவார்கள். இவர் திரும்பி வந்தார்.

2017 மார்ச் 17. எனக்குக் காலை ஷிஃப்ட். எங்கள் சமையலறையில் பாதிப் பேர் டப்ளின் ரயிலேறிவிட்டார்கள். மிச்சம் இருந்த நாலு பேர் வெங்காயம் நறுக்கும் மேசைமேல் போனைச் சாய்த்து வைத்து டிஜி4 சேனலில் பார்த்தோம். எதிரணி டெர்ரி கவுண்ட்டியின் ஸ்லாக்நீல் கிளப். முதல் பாதியில் கூச் கோல் போட்டார். கடைசியில் 1-9க்கு 1-7. முதல் எண் கோல், அடுத்தது பாயிண்ட் (பந்து கம்பத்துக்கு மேலே போனால்). கோல் ஒன்றுக்கு மூன்று பாயிண்ட் என்பதால் 12க்கு 10 என்று படிக்க வேண்டும். கடைசி விசில் வந்ததும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அறுபது வயதுக்காரர் ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். சின்னமாக நின்ற பையன், இருபத்தைந்து வருடம் கழித்து, அதே நாளில், அதே மைதானத்தில். அடுத்த மாதமே கெர்ரி அணியிலிருந்து ஓய்வை அறிவித்தார்.

உங்கள் கோச் ஏன் அதையே சொல்கிறார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

டப்ளின்_மீனா:
சேகர் அண்ணா, 2011-ஐ விட்டுவிட்டீர்களே! அந்த வருடம் கெர்ரி கேப்டன் கூப்பர்தான். கெர்ரியில் கவுண்ட்டி சாம்பியன் கிளப்தான் கேப்டனைச் சொல்லும் என்பது பழைய வழக்கம், முந்தைய வருடம் சாம்பியன் குரோக்ஸ். கிளப்பும் கவுண்ட்டியும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. இறுதியில் எங்கள் க்ளக்ஸ்டன் கடைசி நேரத்தில் அடித்த ஃப்ரீ கிக்கில் டப்ளின் ஒரே பாயிண்டில் வென்றது. கோல்கீப்பர் ஓடி வந்து அடித்தது! நான் டப்ளின் பக்கம்தான், ஆனால் கேப்டனாகக் கோப்பையைத் தூக்க அவருக்கு அன்று கிடைத்திருக்கலாம் என்று இன்றும் தோன்றும்.

கிலார்னி_சேகர்:
மீனா, அதை எழுத மனம் வரவில்லை, அதனால்தான் விட்டேன்.

முருகன், இன்னொன்று. கெர்ரியின் இப்போதைய நட்சத்திரம் டேவிட் கிளிஃபர்ட்டின் கிளப் ஃபோசா, கிலார்னியை ஒட்டிய சின்ன ஊர். 2022-இல் கால்வேக்கு எதிரான இறுதியில் கெர்ரிக்காக எட்டு பாயிண்ட் அடித்தவர், 2023 ஜனவரியில் ஃபோசாவுக்காக ஜூனியர் கிளப் இறுதியில் ஆடினார், வென்றார். ஜூனியர் என்றால் வயதில் இல்லை, தரத்தில் மூன்றாம் நிலை. நாட்டின் நம்பர் ஒன் ஆட்டக்காரர் மூன்றாம் நிலைக் கோப்பைக்கு ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கார்க்_முருகன்:
மிக்க நன்றி சேகர் அண்ணா, மீனா. இரவு அந்த 2004 கோலை மகனோடு எட்டு முறை பார்த்தோம். பள்ளி மட்டும் போதும் என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமை எங்கள் பேட்டை கிளப்பில் பெயர் கொடுக்கப் போகிறோம். இப்போது கராஜ் சுவரில் இடது காலால் மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறான், சத்தம் கேட்கிறது.