பென்டியம் III கணினிகளுக்குச் சொந்தமாக ஒரு சிறிய லினக்ஸ் வழங்கல்: அடித்தளம் எது?

கேள்வி

வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு ஆறு பழைய கணினிகள் நன்கொடையாக வந்துள்ளன. இரண்டில் பென்டியம் III செயலியும் 256 எம்பி ரேமும், மற்றவற்றில் பென்டியம் 4 செயலியும் 512 எம்பி ரேமும் உள்ளன. மாணவர்கள் தமிழ்த் தட்டச்சு பழகவும், வன்தட்டில் சேமித்த பாடங்களைப் படிக்கவும் மட்டுமே இவை பயன்படும். இணைய இணைப்பு கிடையாது. பப்பி லினக்ஸ், டைனி கோர் ஆகிய சிறிய லினக்ஸ் வழங்கல்களை (தேவையான நிரல்களோடு தொகுத்த இயங்குதளங்களை) பார்த்தேன். ஆனாலும் எங்களுக்கு வேண்டியவை மட்டும் அடங்கிய, யார் எதை மாற்றினாலும் மறுதொடக்கத்தில் பழைய நிலைக்கே திரும்பும் ஒரு வழங்கலை நானே உருவாக்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1

இணையம் வேண்டாம் என்பதே பெரும் சுமையை இறக்கிவிட்டது. பென்டியம் III செயலியில் எஸ்எஸ்இ2 எனப்படும் கூடுதல் கணக்கீட்டுக் கட்டளைகள் இல்லை. ஃபயர்ஃபாக்ஸோ 2017இல் வந்த 53ஆம் பதிப்பு முதலே லினக்ஸில் அவற்றைக் கட்டாயமாக்கிவிட்டது. பாடங்கள் எச்டிஎம்எல் கோப்புகள் என்றால் நெட்சர்ஃப் உலாவி போதும்.

டெபியன் வழங்கலின் 13ஆம் பதிப்பில், இத்தகைய 32 பிட் செயலிகளுக்கான கர்னலும் (இயங்குதளத்தின் மையக்கரு) நிறுவியும் நிறுத்தப்பட்டுவிட்டதால், சிறு லினக்ஸ் அமைப்புகளைக் கட்டும் கருவியான பில்ட்ரூட்டைக் கொண்டு மூலநிரலிலிருந்தே கட்டுவது நல்லது என்பது என் கருத்து. அதில் செயலி வகையாகப் பென்டியம் III என்று குறித்தால், அதே படிமம் (முழு அமைப்பும் அடங்கிய கோப்பு) பென்டியம் 4 கணினிகளிலும் ஓடும். கர்னலைச் சுருக்க லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கட்டளை உதவும். ஆனால் அது அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் கர்னல் நிரற்கூறுகளை (சாதன இயக்கிகள் போன்றவற்றை) மட்டுமே வைத்துக்கொள்ளும் என்பதால், பெண்டிரைவைச் செருகி வைத்துவிட்டு, இரு வகைக் கணினிகளிலிருந்தும் அவற்றின் பட்டியலை எடுங்கள்.

மறுமொழி 2

பழைய நிலைக்குத் திரும்புவதற்கு, ஸ்குவாஷ்எஃப்எஸ் (படிக்க மட்டுமே முடிகிற, சுருக்கப்பட்ட கோப்பு முறைமை) படிமத்தின் மேல், மாற்றங்களைத் தற்காலிகமாக ஏற்கும் ஓர் ஓவர்லே அடுக்கை ரேமில் வைத்தால் போதும். மாணவர்களின் கோப்புகளுக்குத் தனிப் பகிர்வு ஒதுக்குங்கள். படிமத்தை எப்படிச் சுருக்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். எக்ஸ்இசட் என்ற சுருக்க முறையில் கோப்பு மிகச் சிறியதாகும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதை விரிக்கப் பென்டியம் III திணறும். எல்இசட்4 என்ற மற்றொரு முறை இடத்தைச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும் விரைவாக விரியும். வன்தட்டிலிருந்து இயக்குவதென்றால் எல்இசட்4ஐயே தேர்ந்தெடுப்பேன். யுஎஸ்பி 1.1 வழியாக, நொடிக்கு ஏறத்தாழ 1 எம்பி வேகத்தில் படிக்க நேர்ந்தால் மட்டும் எக்ஸ்இசட் முந்தும். 256 எம்பி கணினிகளில், ரேமில் உள்ளவற்றைச் சுருக்கி வைத்து இடம் மிச்சப்படுத்தும் இசட்ரேம் கட்டாயம் தேவை.

மறுமொழி 3

தமிழ் வேண்டும் என்றால் எதைக் குறைத்தாலும், எழுத்துகளைத் திரையில் சரியான வடிவிலும் வரிசையிலும் அமைக்கும் நிரலகங்களான ஹார்ஃப்பஸ், பாங்கோ இரண்டையும் குறைக்காதீர்கள். எழுத்துருவை மட்டும் சேர்த்துவிட்டு இவற்றை விட்டால், 'கெ' என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துப் பழகும் பிள்ளைகளின் முன் அப்படி ஒரு திரையை வைக்கவே கூடாது. தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழக்குவதாக இருந்தால், ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் பொருத்தும் எக்ஸ்கேபி விசைப்பலகை அமைப்பு மட்டும் போதாது. ககரத்தை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுவதற்கு எம்17என் போன்ற உள்ளீட்டு முறை தேவைப்படும். முதல் படிமம் தயாரானதும் 'பக்கம்', 'கொக்கு' என்ற இரண்டு சொற்களையும் தட்டிப் பாருங்கள்.